விட்டுக்கொடுக்கும் உரிமை: றைடர் கிண்ணக் கோல்ஃப் போட்டி பற்றிய ஒரு விமர்சன நோக்கு

விளையாட்டு வெறும் பொழுதுபோக்கு என்றும், அது விமர்சகனின் கவனத்துக்கு உரியதன்று என்றும் கருதும் மனப்பாங்கு தமிழ் அறிவுலகிலிருந்து இன்னும் முற்றாக நீங்கிவிடவில்லை. கூத்தையும் நாட்டார் பாடலையும் சமூகத்தின் வெளிப்பாடுகளாகக் கொண்டு ஆராயும் நோக்கு, ஆயிரக்கணக்கானோர் கூடி ஆரவாரிக்கும் ஆடுகளத்தின் வாயிலில் வந்ததும் தயங்கி நின்றுவிடுகிறது. ஆயின், ஒரு சமூகம் 'நாம்' என்று யாரைச் சேர்த்துக்கொள்கிறது, 'அவர்' என்று யாரை விலக்கி வைக்கிறது என்பவற்றை ஆடுகளம் மிக வெளிப்படையாகவே காட்டிவிடுகிறது. அவ்வகையில் ஆராயத்தக்க ஒன்று, ஐரோப்பியத் தொழில்முறை ஆட்டக்காரருக்கும் அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரருக்கும் இடையே ஈராண்டுக்கு ஒருமுறை நடைபெறும் றைடர் கிண்ணக் கோல்ஃப் போட்டியாகும்.

கோல்ஃப் யாழ்ப்பாணத்து வாசகருக்கு அந்நியமான ஆட்டமே. 1879 இல் கொழும்பிலும் 1889 இல் நுவரெலியாவிலும் கழகம் அமைத்து ஆங்கிலேயர் ஆடிய அவ்வாட்டம் குடாநாட்டில் வேரூன்றவில்லை. வற்றாத ஆறில்லாது, சுண்ணக்கற் பாறையுள் தங்கும் நிலத்தடி நீரை நம்பிப் பயிர் செய்து, காணியின் ஒவ்வொரு துண்டையும் வேலியிட்டுக் காக்கும் மண்ணில், பதினெட்டுக் குழிகளுக்காக நூறு ஏக்கருக்கு மேற்பட்ட புல்வெளியை நீரூற்றி வளர்ப்பது எவருடைய எண்ணத்திலும் எழுந்திருக்க இயலாது. கிறிக்கெற்றோ மிஷன் கல்லூரிகளின் மைதானங்களோடு வந்து நிலைத்துவிட்டது. எனினும் கோல்ஃபின் இவ்வொரு போட்டி எழுப்பும் வினா யாழ்ப்பாணத்துக்கும் உரியது. யாழ். மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் 1904 ஆம் ஆண்டு முதல் ஆடிவரும் கிறிக்கெற் போட்டி 'வடக்கின் பெருஞ்சமர்' எனப்படுகிறது. சென். பற்றிக்ஸ் கல்லூரியும் யாழ்ப்பாணக் கல்லூரியும் ஆடுவது 'பொன் அணிகளின் போர்'. ஆட்டத்துக்குப் போரின் பெயரைச் சூட்டுவதும், அப்பெயரின் கீழ் ஒரு 'நாம்' உருவாவதும் எதனால் நிகழ்கின்றன, அவை எவ்வெல்லை வரை நன்மை பயக்கும் என்பதே அவ்வினா.

1

கோல்ஃப் இயல்பிலே தனியாளின் ஆட்டம். பந்து அசையாது கிடக்கிறது. அதனை எவரும் எறிவதுமில்லை, மறிப்பதுமில்லை. ஆட்டக்காரன் தன் கையையும் மனத்தையும் காற்றையும் நிலத்தின் சாய்வையும் எதிர்த்தே ஆடுகிறான். வழக்கமான தொழில்முறைப் போட்டிகளில் நான்கு நாட்களில் அடித்த அடிகளின் மொத்தத் தொகை கணக்கிடப்படும். மிகக் குறைந்த அடிகளில் முடித்தவன் வெல்வான். நூற்றுக்கு மேற்பட்டோர் ஆடும் அத்தகைய போட்டியில் ஒருவனுக்குப் பகைவன் என்று குறித்துச் சொல்லத்தக்க ஒருவன் இல்லை.

றைடர் கிண்ணம் இவ்வியல்பை மூன்று வகைகளில் மாற்றுகிறது. முதலாவதாக, மொத்த அடிகளின் கணக்குக்குப் பதிலாகக் குழிக்குக் குழி வெற்றி எண்ணப்படுகிறது. எதிரே ஒரு முகம் தோன்றிவிடுகிறது. இரண்டாவதாக, அணிக்குப் பன்னிருவர் சேர்க்கப்படுகின்றனர். மூன்று நாட்களில் 28 புள்ளிகளுக்காக அவர்கள் ஆடுகின்றனர்: முதலிரு நாட்களிலும் இருவர் இருவராக ஆடும் பதினாறு ஆட்டங்கள், இறுதி நாளில் ஒருவரோடொருவர் மோதும் பன்னிரண்டு ஆட்டங்கள். இருவர் ஆட்டத்தின் ஒரு வகையில் இருவருக்கும் ஒரே பந்து. மாறி மாறி அடிக்கவேண்டும். தோழன் புதருள் அடித்த பந்தை மற்றவனே வெளிக்கொணர வேண்டியுள்ளது. தன் பிழையைத் தானே சுமக்கும் ஆட்டம், பிறர் பிழையைச் சுமக்கும் ஆட்டமாகிறது. மூன்றாவதாக, பரிசுப் பணத்துக்காக ஆடுவோர் இங்குப் பரிசுப் பணமின்றி ஆடுகின்றனர். 2025 ஆம் ஆண்டு அமெரிக்க அணியினர் ஒவ்வொருவருக்கும் ஐந்து இலட்சம் டொலர் ஒதுக்கப்பட்டு, அதில் மூன்று இலட்சம் அறப்பணிக்கென விதிக்கப்பட்டபோது எழுந்த விவாதமும், ஐரோப்பிய அணியினர் பணம் பெறாதே ஆடியமையும், அம்மரபு எத்துணை ஆழமாக மதிக்கப்படுகிறது என்பதைக் காட்டின.

தனியாள் ஆட்டம் குழுவின் மானமாக மாறுவது யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. சித்திரைப் புத்தாண்டிலே போர்த்தேங்காய் அடிக்கும்போது மோதுவன இரண்டு தேங்காய்கள். அவற்றை ஏந்தியோர் இருவர். ஆயின் உடைந்த தேங்காய்க்காகத் தலைகுனிவோர் பலர். தனியொருவனின் கைத்திறனுக்குப் பின்னால் ஊரொன்று வந்து நின்றுவிடுகிறது. கோல்ஃபில் இவ்விணைப்பு இயல்பாக வளராது விதிகளால் வரைந்து உருவாக்கப்பட்டது. ஆதலின் அதன் வரைவு முறையைத் தெளிவாகக் காணமுடிகிறது. விமர்சகனுக்கு இப்போட்டி பயன்படுவது இதனாலேயே.

2

போட்டிக்குப் பெயர் தந்த சாமுவேல் றைடர் பிரபுக் குடியினன் அல்லன். இங்கிலாந்தின் சென். அல்பன்ஸ் நகரில், தோட்ட விதைகளைச் சிறு பைகளில் அடைத்துப் பைக்கு ஒரு பென்னி விலையில் அஞ்சல் வழி விற்றுச் செல்வம் ஈட்டிய வணிகன். நடுத்தர வயதைக் கடந்த பின்னரே உடல்நலம் கருதிக் கோல்ஃப் பயின்றான். தனக்கு ஆட்டம் கற்பித்த ஏப் மிச்சல் என்ற தொழில்முறை ஆட்டக்காரனின் உருவையே தான் வழங்கிய பொற்கிண்ணத்தின் உச்சியில் அமைப்பித்தான். இச்செயலின் பொருளை உணரவேண்டுமாயின் அக்காலத் தொழில்முறை ஆட்டக்காரரின் நிலையை அறிதல் வேண்டும். அவர்களுட் பலர் செல்வரின் கோற்பையைச் சுமந்து திரிந்த சிறுவர்களாய்த் தொடங்கியோர். கோல் செப்பனிடுவதும் ஆட்டம் கற்பிப்பதும் அவர்களின் தொழில். கழக மண்டபத்தின் முன்வாசல் அவர்களுக்குத் திறக்கப்படுவதில்லை. 1920 ஆம் ஆண்டு அமெரிக்கப் பகிரங்கப் போட்டியின்போது ஒஹாயோ மாநிலத்துக் கழகமொன்று அவர்களை உள்ளே அனுமதித்தமை ஒரு வரலாற்று நிகழ்ச்சியாகப் பேசப்பட்டது. அத்தகைய ஓர் ஊழியனின் உருவைப் பொன்னில் வார்த்து உச்சியில் நிறுத்தியமை அக்காலச் சமூகத்தில் ஒரு சிறு புரட்சி எனலாம்.

ஆயின் ஒரு வாயில் திறக்கும்போதே மற்றொன்று அடைபடுவதையும் இக்கிண்ணத்தின் வரலாறு காட்டுகிறது. 1926 இல் இங்கிலாந்தின் வென்ற்வேர்த்தில் நடந்த முன்னோடிப் போட்டி அதிகாரபூர்வமானதாகக் கொள்ளப்படவில்லை. அமெரிக்க அணியில் ஆடியோருட் பலர் அமெரிக்காவிற் பிறவாதோர் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. குடியேறியோரால் உருவான ஒரு நாடு, குடியேறியோரைத் தன் அணியில் ஏற்கத் தயங்கியது. 1927 இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரரில் முதலாவது அதிகாரபூர்வப் போட்டி நடைபெற்றது; பின்னர் ஆடுவோர் தத்தம் நாட்டிற் பிறந்தவராய் இருத்தல் வேண்டுமென்பது விதியாயிற்று. பிரித்தானியத் தரப்பிலோ பிறப்போடு வாழிடமும் நோக்கப்பட்டது. ஜேர்மனியிற் பணிபுரிந்த பேர்சி அலிஸ் 1931 இல் அணியிற் சேர இயலாது போனமை இதற்குச் சான்று.

இதனினும் கொடிய எல்லை நிறத்தால் வரையப்பட்டது. அமெரிக்க அணிக்கு ஆட்டக்காரரைத் தரும் தொழில்முறைக் கோல்ஃப் சங்கம் 1934 முதல் 1961 வரை வெள்ளை இனத்தவர் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற விதியைக் கொண்டிருந்தது. ஆகவே அக்காலப்பகுதியில் 'அமெரிக்கா' எனப்பட்ட அணி அமெரிக்காவின் ஒரு பகுதியே ஆகும். விதி நீங்கிய பின்னரும் பதினெட்டு ஆண்டுகள் கழிந்து, 1979 இலேயே லீ எல்டர் என்ற கறுப்பினத்தவர் முதன்முதலாக அவ்வணியில் இடம்பெற்றார். 1967 இலும் 1969 இலும் பெரும் போட்டிகளை வென்ற சார்ளி சிஃபோர்ட்டுக்கு அவ்வாய்ப்பு ஒருபோதும் கிட்டவில்லை.

இந்திய வம்சாவளியினர் ஒருவரின் கதையும் இங்கு நினைவுகூரத்தக்கது. தென்னாபிரிக்காவின் டேர்பன் பகுதியிலே கோற்பை சுமந்து ஆட்டம் பழகி, கைகளை மாற்றிப் பிடித்து அடிக்கும் வினோத முறையால் ஒல்லாந்தின் பகிரங்கப் போட்டியை 1959, 1960, 1964 ஆம் ஆண்டுகளில் வென்றவர் பப்வா செவ்கோலும். 1963 இல் நேற்றால் பகிரங்கப் போட்டியை அவர் வென்றபோது கழக மண்டபத்துள் நுழைய நிறவெறிச் சட்டம் தடையாயிற்று. வெளியே மழையில் நின்றபடியே பரிசைப் பெற்றார். வெற்றி அவருடையது, கூரை பிறருடையது. 'நாம்' என்ற சொல் எவரை மழையில் நிறுத்துகிறது என்பதைக் கொண்டே அச்சொல்லின் தகுதியை அளவிடவேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான படிமம் வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்து வாசகர் இவ்வரலாற்றைப் பிறர் குற்றமாக மட்டும் வாசித்துவிட இயலாது. றைடர் கிண்ணம் தொடங்கிய அதே காலப்பகுதியில், 1920களின் இறுதியில், உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சமஆசனம் வழங்கவேண்டும் என்ற நடைமுறை வந்தபோது, குடாநாட்டில் எதிர்ப்பு மூண்டது. பாடசாலைகள் சில எரியூட்டவும் பட்டன. வாங்கில் அமர உரிமை இல்லாத பிள்ளைக்குத் துடுப்பைப் பிடிக்கும் உரிமை எங்கிருந்து வரும்? கல்லூரி மைதானத்து 'நாம்' எவரெவரைச் சேர்த்து எழுந்தது என்ற வினா அமெரிக்கச் சங்கத்தின் விதிப்புத்தகத்துக்கு மட்டும் உரியதன்று.

3

வரைந்த எல்லையை அழித்து மீள வரையலாம் என்பதும் இப்போட்டியின் வரலாற்றிலிருந்தே பெறப்படுகிறது. 1935 முதல் 1983 வரை நடந்த போட்டிகளில் அமெரிக்க அணி ஒரேயொரு முறை, 1957 இல், தோற்றது. முடிவு முன்கூட்டியே தெரிந்த ஆட்டத்தில் பார்வையாளருக்கு ஆர்வம் குன்றியது. எனவே ஜக் நிக்லஸ் முதலியோரின் தூண்டுதலால் 1979 ஆம் ஆண்டு முதல் பிரித்தானிய, அயர்லாந்து ஆட்டக்காரரோடு ஐரோப்பாவின் ஏனைய நாட்டினரும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். ஸ்பானியராகிய செவரியானோ பயஸ்ரெறோசும் அந்தோனியோ கறிடோவும் முதலில் இணைந்தனர். 1985 இல் ஐரோப்பிய அணி கிண்ணத்தை வென்றது. 1987 இல் அமெரிக்க மண்ணிலேயே வென்றது. ஆங்கிலேயன் ஒருவன் ஸ்பானியனின் அடிக்காக மூச்சை அடக்கி நிற்பது அதுவரை காணப்படாத காட்சி. போட்டியை உயிர்ப்பிக்கும் வணிகத் தேவையே இம்மாற்றத்தின் உடனடிக் காரணம் எனினும், அதன் விளைவு வணிகத்தைக் கடந்தது. பிறப்பாலும் மொழியாலும் வேறுபட்டோர் ஓர் அணியாக முடியும் என்பதனை அது நடைமுறையில் நிறுவிற்று.

ஆசியாவின் இடமோ வேறு. 1994 இல் தொடங்கிய பிரசிடென்ற்ஸ் கிண்ணப் போட்டியில் அமெரிக்காவை எதிர்ப்பது 'சர்வதேச அணி'. அவ்வணியின் இலக்கணம் எதிர்மறையானது: ஐரோப்பியர் அல்லாத ஏனையோர் அனைவரும் அதனுள் அடங்குவர். ஒருவர் யார் என்பதைக் கூறாது யார் அல்லர் என்பதைக் கூறி உருவாக்கிய அணி 2024 வரை நடந்த பதினைந்து போட்டிகளுள் ஒன்றில் மட்டுமே, 1998 இல், வென்றது. 2003 இல் சமநிலை கண்டது. 2015 இல் தென்கொரியாவின் இஞ்சனில் நடந்த போட்டியில் ஒரு புள்ளி வேறுபாட்டில் தோற்றது. முதன்முதலாக அவ்வணியில் இடம்பெற்ற இந்தியரான அனிர்பன் லாஹிரி இறுதிக் குழியிலே சில அடித் தூரத்துத் தட்டொன்றைத் தவறவிட்டமையும் அத்தோல்விக்குக் காரணமாயிற்று. ஆசியாவைத் தன் பெயராலேயே ஓர் அணியாக்கி ஐரோப்பாவோடு மோதவைத்த றோயல் கிண்ணம் 2006 முதல் 2013 வரையும், யூரேசியா கிண்ணம் 2014, 2016, 2018 ஆம் ஆண்டுகளிலும் நடந்து நின்றுபோயின. திறமையின்மையே இதற்குக் காரணம் எனல் பொருந்தாது. பெங்களூரிலே கோற்பை சுமந்து வளர்ந்த முனியப்பா 2009 இல் இந்தியப் பகிரங்கப் போட்டியை வென்றார். இலங்கையரான மிதுன் பெரேரா, அநுர ரோகண, தங்கராஜா, பிரபாகரன் முதலியோர் இந்தியத் தொழில்முறைச் சுற்றில் ஆடியவர்கள். தனி வீரர்கள் தோன்றினர். அவர்களின் பின்னால் ஒரு 'நாம்' திரளவில்லை. விதியால் அணியை ஆக்கிவிடலாம். அணியுணர்வோ நெடுங்கால நினைவால் விளைவது.

4

நினைவு திரளும்போது அதனோடு பகையும் திரள்கிறது. 1991 ஆம் ஆண்டு செப்ரெம்பரில் தென் கரோலைனாவின் கியாவா தீவில் நடந்த போட்டி 'கரையோரப் போர்' என்று பெயர் பெற்றது. அவ்வாண்டுத் தொடக்கத்தில் நடந்த வளைகுடாப் போரை நினைவூட்டும் இராணுவ வண்ணத் தொப்பிகளை அமெரிக்க ஆட்டக்காரர் சிலர் அணிந்து வந்தனர். போட்டி முழுவதும் இறுதி ஆட்டத்தின் இறுதிக் குழியில் வந்து தங்கியது. ஜேர்மானியரான பேர்ண்ஹார்ட் லாங்கர் ஆறடித் தூரத்திலிருந்து தட்டிய பந்து குழியின் ஓரத்தைக் கடந்து சென்றது. அமெரிக்கா ஒரு புள்ளியால் வென்றது. மறுவாரமே லாங்கர் தம் நாட்டில் நடந்த போட்டியொன்றை வென்றார் என்பது, தனியாளின் ஆட்டத்தில் ஒரு தவறு எத்துணைச் சிறிது என்பதையும், அணியின் ஆட்டத்தில் அது எத்துணைப் பெரிதாக ஊதப்படுகிறது என்பதையும் ஒருங்கே உணர்த்துகிறது.

அதே 1991 ஆம் ஆண்டு யூலையில் ஆனையிறவிலே சமர் தொடங்கியிருந்தது. அது உவமையன்று. கியாவாவின் 'போரில்' விழுந்தது ஒரு பந்து. ஆனையிறவில் விழுந்தவை உயிர்கள். போர் ஆண்டுகளிலே கல்லூரிகளின் 'பெருஞ்சமர்' தடைப்பட நேர்ந்தமை, உவமையை அதன் மூலப்பொருள் விழுங்கிய நிகழ்ச்சி எனலாம். போரை அறியாத ஊரில் ஆட்டத்துக்குப் போர் என்று பெயரிடுவது மிகைக்கூற்று. போரை அறிந்த ஊரில் அப்பெயரே நிலைத்திருப்பது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. காயமும் சாவுமின்றி, மாலையில் இரு தரப்பும் கைகுலுக்கி வீடு திரும்பும் ஒரு சமரைக் காணவேண்டுமென்ற ஏக்கம் அப்பெயரில் இன்று கலந்திருக்கவும் கூடும். அவ்வாறாயின், அக்கைகுலுக்கலே அப்பெயரை நியாயப்படுத்துவது. அது பொய்க்குமாயின் பெயர் தன் பழைய பொருளுக்கு மீண்டுவிடும்.

அவ்வாறு மீளும் அபாயத்தையும் றைடர் கிண்ணம் காட்டியுள்ளது. 1999 இல் புறூக்லைனில், அமெரிக்கரான ஜஸ்ரின் லெனட் நாற்பத்தைந்து அடித் தூரத்துப் பந்தைக் குழியில் இட்டதும், எதிர் ஆட்டக்காரரான ஒலதாபல் இன்னும் தட்டவேண்டியிருந்தமையையும் மறந்து, அணியினரும் அவர்தம் துணைவியரும் பசுந்தளத்தினுள் ஓடிப் புகுந்தனர். 2025 இல் நியூயோர்க்கின் பெத்பேஜில், ஐரோப்பிய அணி 15–13 என வென்ற போட்டியில், றொறி மக்கில்றோயையும் அவர் குடும்பத்தையும் நோக்கிப் பார்வையாளர் எழுப்பிய வசைமொழிகள் கண்டனத்துக்குள்ளாயின. வசைக் கோஷத்தில் குரல் சேர்த்த அறிவிப்பாளர் தம் பணியிலிருந்து விலகினார். ஆட்டக்காரர் தமக்குள் பேணும் ஒழுக்கம் கூட்டத்தினரிடம் தானாகச் சென்று சேர்வதில்லை. தானே கோல் பிடித்து அடிக்காதவனுக்குத் தோல்வியின் எடையும் தெரியாது. எதிராளியின் கைநடுக்கமும் தெரியாது.

5

இவ்விடத்திலேயே கோல்ஃபின் விதியொன்று முக்கியத்துவம் பெறுகிறது. குழிக்குக் குழி எண்ணும் ஆட்டத்தில், எதிராளியின் பந்து குழிக்கு அண்மையிற் கிடக்குமாயின், 'இனித் தட்டவேண்டியதில்லை. குழியில் விழுந்ததாகவே கொள்வோம்' என்று விட்டுக்கொடுக்கும் உரிமை ஆட்டக்காரனுக்கு உண்டு. கிறிக்கெற்றில் துடுப்பாட்டக்காரனுக்கு எதிரணி ஓட்டத்தைக் கொடையாக வழங்க விதியில்லை; உதைபந்தாட்டத்தில் கோலைக் கொடையாக வழங்க விதியில்லை. எதிராளியின் வெற்றியை ஏற்றுக்கொள்ளும் அதிகாரத்தை ஆட்டக்காரனின் கையிலேயே கொடுத்திருப்பது கோல்ஃபின் தனிச்சிறப்பு. எல்டர் இறங்கிய 1979 ஆம் ஆண்டுக்கும் பத்தாண்டு முன்னர், அவ்வுரிமை தன் உச்சப் பொருளை எய்தியது.

1969 இல் இங்கிலாந்தின் றோயல் பேர்க்டேலில் நடந்த போட்டி கசப்பு மிகுந்தது. தரப்பினரிடையே வாக்குவாதங்கள் மூண்டன. புதரில் மறைந்த எதிராளியின் பந்தைத் தேடுவதில் உதவவேண்டாமெனப் பிரித்தானியத் தலைவர் தம் அணியினரைப் பணித்ததாகவும் கூறுவர். இறுதியில் இரு அணிகளும் சமநிலையில் இருந்தன. எஞ்சிய ஒரே ஆட்டமும் இறுதிக் குழியில் சமநிலையிலேயே நின்றது. ஜக் நிக்லஸ் தம் பந்தைக் குழியில் இட்டுவிட்டார். அவ்வாண்டு பிரித்தானியப் பகிரங்கப் போட்டியை வென்றிருந்த ரோனி ஜக்லினின் பந்து இரண்டடித் தூரத்திற் கிடந்தது. அவர் தவறவிட்டால் அமெரிக்கா வெல்லும். தவறவிட்டவர் என்ற பெயர் அவருக்கு வாழ்நாள் முழுவதும் நிலைக்கும். நிக்லஸ் ஜக்லினின் பந்துக்குறியை எடுத்து அவரிடம் கொடுத்தார். போட்டி 16–16 எனச் சமநிலையில் முடிந்தது. அமெரிக்கத் தலைவரான சாம் ஸ்னீட் இச்செயலை விரும்பவில்லை.

இந்நிகழ்ச்சியைப் புகழ்வோர் பலர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். சமநிலையில் முடிந்தால் முன்னர் வென்ற அணியே கிண்ணத்தைத் தக்கவைக்கும் என்பது விதி. ஆகவே நிக்லஸ் விட்டுக்கொடுத்தது கிண்ணத்தையன்று. முழு வெற்றியின் பெருமையையே. பலமுறை வென்ற வல்லவன், வெல்லாத மெலியவனுக்குக் காட்டிய பெருந்தன்மை இது என்று ஒருவர் வாதிடலாம். அவ்வாதத்தில் உண்மை உண்டு. எனினும் அது முழு உண்மையன்று. ஸ்னீட்டின் அதிருப்தி காட்டுவது போல, அச்செயலுக்கு ஒரு விலை இருந்தது. அவ்விலையைச் செலுத்தத் தம் அணியின் அனுமதியை நிக்லஸ் கேட்டு நிற்கவில்லை. 1999 இல், புறூக்லைனின் ஆரவாரத்தின் நடுவே, நாள் முழுவதும் வசைக்கு ஆளாகியிருந்த கொலின் மொன்கொமெறிக்குப் பேய்ன் ஸ்ருவேட் இறுதிக் குழியையும் ஆட்டத்தையும் விட்டுக்கொடுத்தார். அணியின் வெற்றி அதற்குள் முடிவாகியிருந்தது எனினும், தோல்வியைத் தம் பெயரில் எழுதிக்கொண்டவர் அவரே. ஒரு மாதத்தின் பின் விமான விபத்தில் அவர் இறந்தபோது, பெற்ற வெற்றிகளோடு இத்தோல்வியும் நினைவுகூரப்பட்டது.

விட்டுக்கொடுத்தலுக்கும் இரக்கத்துக்கும் வேறுபாடு உண்டு. இரக்கம் மேலிருந்து கீழ்நோக்கி வருவது. விட்டுக்கொடுத்தலோ ஒரே பசுந்தளத்தில் ஒரே விதியின் கீழ் நிற்கும் இருவரிடையே நிகழ்வது. ஜக்லின் அத்தளத்தில் நின்றமையாலேயே நிக்லஸ் அவருக்கு விட்டுக்கொடுக்க முடிந்தது. மழையில் நிறுத்தப்பட்ட செவ்கோலுமுக்கு எவரும் எதனையும் விட்டுக்கொடுத்திருக்க இயலாது. அவருக்கு நீட்டப்பட்ட பரிசும் வாசலுக்கு வெளியே நீட்டப்பட்டதே. ஆகவே பெருந்தன்மையைப் பேசுமுன் சமத்துவத்தைப் பேசவேண்டும். வாயிலை அடைத்துவிட்டு உள்ளே தமக்குள் கைகுலுக்கிக்கொள்வோரின் நாகரிகம் பாதி நாகரிகமே. 1969 இன் கைகுலுக்கலைப் போற்றும் வரலாறு, அவ்வாண்டில் அமெரிக்க அணியிற் கறுப்பினத்தவர் எவரும் இருக்கவில்லை என்பதையும் அதே பக்கத்தில் எழுதவேண்டும்.

இவ்வளவுகோலை யாழ்ப்பாணத்தின் பெயரால் இன்று எழும் அணிகளுக்கும் பிரயோகிக்கலாம். 2020 இல் தொடங்கிய லங்கா பிறீமியர் லீக்கில் யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிய அணி அவ்வாண்டிலும், 2021, 2022, 2024 ஆம் ஆண்டுகளிலும் வெற்றி பெற்றது. அவ்வணியிற் பல நாட்டவர் ஊதியத்துக்கு ஆடினர். அவ்வாண்டுகளில் ஓர் ஆட்டமேனும் யாழ்ப்பாண மண்ணில் நடைபெறவில்லை. மத்திய கல்லூரி மாணவனாயிருந்த வியாஸ்காந்த் அதில் ஆடி, பின்னர் இந்தியன் பிறீமியர் லீக் வரை சென்றமை ஊர் மகிழ்ந்த செய்தி. பல இனத்தவர் யாழ்ப்பாணத்தின் பெயருக்காக ஆடியதும், அப்பெயருக்காகத் தென்னிலங்கை மைதானங்களில் ஆரவாரம் எழுந்ததும், ஒரு காலத்தில் எண்ணிப் பார்க்கவியலாத எல்லை மாற்றங்கள். ஆயின் நிலமின்றிப் பெயர் மட்டும் ஆடும் ஆட்டம் ஊரின் அணியாகிவிடுமா என்ற வினா எஞ்சுகிறது. 2025 இல் மண்டைதீவில் சர்வதேச மைதானமொன்றுக்கு அடிக்கல் நாட்டப்பட்டுள்ளது. ஆடுகளம் அமைந்தால் மட்டும் அவ்வினாவுக்கு விடை கிடைத்துவிடாது. அதன் வாயிலில் எவர் நுழைவர், உள்ளே எவ்வகைக் குரல் எழும் என்பவற்றிலேயே விடை தங்கியுள்ளது.

அணி என்பது இயற்கையாய் அமைந்ததன்று, வரைந்து கொண்டது. இது குறையன்று. வரைந்ததை மீள வரையலாம் என்பதே மனிதருக்குள்ள நம்பிக்கை. றைடர் கிண்ணத்தின் நூறாண்டுக் கதை அந்நம்பிக்கைக்குச் சான்று தருவதோடு, அது எத்துணைத் தாமதமாகவும் எத்துணை அரைகுறையாகவும் நிறைவேறுகிறது என்பதற்கும் சான்று தருகிறது. ஓர் அணியின் தரத்தை அது வென்ற கிண்ணங்களைக் கொண்டு மட்டும் கணித்துவிட முடியாது. தன் எல்லைக்கு வெளியே நிற்போருக்கு வாயிலைத் திறக்க அது ஆயத்தமா, தன் எதிரே நிற்போனின் இரண்டடித் தூரத்துப் பந்தைக் கையிலெடுத்துக் கொடுக்க அது ஆயத்தமா என்ற இரு வினாக்களுக்கும் அது தரும் விடையே அதன் தரம். போர் என்ற சொல்லின் முழுப் பொருளையும் அறிந்த ஒரு குடாநாட்டு மாணவருக்கு, ஆட்டத்தைப் போர் என்று அழைக்கும் உரிமையைக் காட்டிலும் இவ்விரு வினாக்களைக் கேட்கும் கடமை பெரிது.